இருபத்தேழு ஐரிஷ்காரர்

சந்திரவதனாவுக்கு மெல்பேர்னில் கிடைத்த உத்தியோகம், மற்றவர்களுடைய வசவை வாசிப்பது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பின்பக்கத்தில், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை. பார்வையாளர்கள் எழுதும் கடிதங்கள் தினமும் காலையில் பையில் வந்து அங்கே கொட்டும். வானிலை சொல்பவருடைய கழுத்துப்பட்டி பிடிக்கவில்லை என்று எழுதுவார்கள். செய்தி வாசிப்பவர் கண் சிமிட்டுவது தன்னைப் பார்த்துத்தானா என்று ஒரு பெண் மாதம் தவறாமல் கேட்பாள். இவற்றையெல்லாம் உடைத்து வாசித்து, எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே தாளில் தட்டச்சுச் செய்து மேலே அனுப்ப வேண்டும். எழுதியவர்களுக்கு நன்றி சொல்லும் அச்சடித்த அட்டையும் அவள்தான் அனுப்ப வேண்டும்.

தட்டச்சுத் தெரியும் என்றுதான் அவளை எடுத்தார்கள். அந்த வேலைக்கு அவளைப் போல வாய்ப்பான ஆள் அந்த நகரத்திலேயே கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. கொழும்பில் ஒரு திணைக்களத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவள் அவள். முறைப்பாடு என்றால் வேறென்ன, பெட்டிசம்தான். நம்மவர்களுக்குப் பெட்டிசம் எழுதுவதில் இருக்கும் சந்தோஷம் கலியாண வீட்டில்கூடக் கிடையாது. பக்கத்துக் காணிக்காரர் வேலியை அரை அடி தள்ளிப் போட்டால் பெட்டிசம், தபால்காரர் மணி அடிக்காமல் போனால் அதற்கும் ஒரு பெட்டிசம். ஒரே மனிதர் ஐந்து பெயரில், மூன்று நிற மையில் எழுதி, அடியில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்றும் போட்டு அனுப்புவார். சந்திரவதனா உறையைக் கையில் எடுத்த உடனேயே, "இது அந்த மனுசன்தான்" என்று சொல்லிவிடுவாள். பதினொரு வருடத்தில் ஒரு கள்ளப் பெட்டிசமும் அவளுடைய மேசையைத் தாண்டி மேலே போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அவளுடைய கணவர் கதிர்காமநாதன் ஒரு பொறியியலாளர். ஊரில் பாலம் கட்டியவர். ஆற்றின் இந்தக் கரையில் நின்று அவர் கத்தினால் அந்தக் கரையில் நிற்கிற மேசனுக்குக் கேட்கும். 1975இல் மெல்பேர்னுக்கு வந்தபோது, ஒரு கந்தோரில் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது. வேலை பிழையில்லை, சம்பளமும் பிழையில்லை. ஆனால் மனிதர் போகப்போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். கிளேட்டனில் இருந்த அந்த வாடகை வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, பேப்பர், படுக்கை. "என்ன யோசிக்கிறியள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். சண்டை பிடிக்கிற புருசனோடு குடித்தனம் நடத்தலாம், ஒண்டுமில்லை என்கிறவரோடு என்னதான் செய்வது? இரண்டு வருடமாகச் சந்திரவதனாவைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான்.

1977 மார்ச்சில் அவளுடைய நிலையம் ஒரு புதிய நகைச்சுவைத் தொடரைப் போடத் தொடங்கியது. வியாழக்கிழமை இரவு ஏழரைக்கு, அரை மணித்தியாலம். 'கில்பிரைட் கூட்டம்' என்று பெயர். அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த நாலு கூட்டாளிகள் மெல்பேர்னில் ஒரு குடிசாலையின் மூலை மேசையைப் பிடித்துக்கொண்டு, கடை திறந்தது முதல் மூடும்வரை குடிப்பார்கள். அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்று ஒவ்வொரு கிழமையும் சத்தியம் செய்வார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரு குதிரைப் பந்தயமோ, யாருடையவோ கலியாணமோ குறுக்கே வந்துவிடும். கதை என்று சொல்ல அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

முதல் வியாழக்கிழமை கதிர்காமநாதனின் கூட்டாளிகள் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தேவராஜா, டொக்டர். படித்த படிப்பெல்லாம் போதாது என்று இந்த நாட்டில் மறுபடியும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவன் சிறி, கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் கட்டைப் பிரம்மச்சாரி. ஸ்பிரிங்வேலில் ஆண்கள் தங்கும் ஒரு வாடகை விடுதியில் இருந்தான். முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேரும் கிரான்பர்னில் ஒரு பண்ணைக்குப் போய்ப் பங்குக்கு ஆடு வாங்கி வந்திருந்தார்கள். "இதென்ன ஆடு? எங்கட ஆட்டின்ர வாசமே இல்லை" என்று குறை சொல்லிச் சொல்லியே சிறி நாலு தரம் போட்டுச் சாப்பிட்டான். இப்போது திரையில், கில்பிரைட் என்ற அந்தத் தடித்த மனிதர், இந்த நாட்டு உருளைக்கிழங்குக்கு ருசியே இல்லை என்று கண்ணீர் விட்டபடி ஏழாவது கிழங்கை எடுத்து வாயில் போட்டார்.

குசினிக்குள் பருப்புத் தாளித்துக்கொண்டு நின்ற சந்திரவதனாவுக்கு முன்னறையிலிருந்து ஒரு வெடிச் சிரிப்புக் கேட்டது. ஒன்பது வயது மகள் கமலினி பெரிய புதினம் கொண்டு வருகிறவள் போல ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பா இஸ் லாஃபிங்!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற அதே சத்தம்தான். அது செத்துப்போய்விட்டது என்று சந்திரவதனா நினைத்திருந்தாள். கரண்டியைப் பிடித்தபடியே நின்று அழுதாள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை மூன்று பேருக்கும் திருநாளாகிவிட்டது. குடியில் அவர்கள் கில்பிரைட்டின் காலடிக்கும் வரமாட்டார்கள். ஒரு போத்தல் விஸ்கி மூன்று வியாழனுக்குத் தாங்கும். ஆனால் கத்திக் கதைப்பதில் நாலு ஐரிஷ்காரரையும் தூக்கி விழுங்கிவிடுவார்கள். எட்டு மணிக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகும் கதிர்காமநாதன் ஒரு மணித்தியாலம் கதைப்பார். வெள்ளிக்கிழமை காலையில்கூடக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நிலையத்துக்கு வந்த கடிதங்களோ வேறு மாதிரி. "குடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத நாலு சோம்பேறிகளை என் வீட்டு முன்னறைக்கு அனுப்ப உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று மதுவிலக்குச் சங்கத்துப் பெண்ணொருத்தி கேட்டிருந்தாள். குடிசாலை நடத்தும் ஒருவர், அது பியர் நுரையே இல்லை, சவர்க்கார நுரை, தன்னை ஏமாற்ற முடியாது என்று எழுதினார். இன்னொருவருக்கு நிகழ்ச்சியில் அக்கறையே இல்லை. கில்பிரைட் போடுகிற கம்பளிச் சட்டை எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிய வேண்டும். ஒரு பெண் ஒரே வரியில் எழுதினாள்: "இதைவிட நன்றாக என் புருசன் செய்வார், அவருக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பதில்லை." பிடித்தவர்களும் இருந்தார்கள். தன் தகப்பன் இறந்த பிறகு அவருடைய பேச்சை முதன்முதலாகக் கில்பிரைட்டின் வாயில்தான் கேட்டதாக ஒரு லொறிச் சாரதி எழுதியிருந்தார்.

ஒரு கடிதம் சந்திரவதனாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. ஃபுட்ஸ்கிரேயிலிருந்து நோரா கெஹோ என்ற ஐரிஷ் தாய் எழுதியது. "என் கணவர் இருபது வருடமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. போன கிழமை பள்ளிக்கூடத்தில் பையன்கள் என் மகனிடம், உன் அப்பா இன்றைக்கு நிதானத்தில் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் எங்களிடம் சொல்லவில்லை; தங்கை சொல்லித்தான் தெரியும். நீங்கள் சிரியுங்கள். எங்களை வைத்து ஏன்?" சந்திரவதனா எதிர்ப்பு என்ற பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, வெகுநேரம் பேனாவை மூடாமல் இருந்தாள்.

மே மாதத்தில் ஒருநாள் அவளுடைய மேலாளர் மிஸஸ் கோல்மன் சிகரெட்டும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள்.

"கில்பிரைட்டின் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது," என்றாள். "வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் மேலே கூட்டம். உன்னுடைய தாளை வைத்துத்தான் பேசப்போகிறார்கள். ஆதரவு கூடினால் இருக்கும், இல்லையென்றால் போச்சு."

சந்திரவதனா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று இரவு, வியாழக்கிழமை, சோறு பரிமாறும்போது சொல்லிவிட்டாள்.

"உங்கட கில்பிரைட்டை நிப்பாட்டப் போகினமாம். ஆதரவாக் கடிதம் வந்தாத்தான் தப்பும்."

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தார்கள். பதினொரு வருட அனுபவசாலிக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். மீன்குழம்புக்கு உப்புக் குறைந்துவிட்ட கவலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பையைக் கொட்டியபோது 'கில்பிரைட் கூட்டம்' என்று எழுதிய உறைகள் இருபத்தாறு ஒன்றாக விழுந்தன. சந்திரவதனாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. முதலாவதை உடைத்தாள். பாட்ரிக் ஒ'பிரையன் என்பவர் ஆங்கிலத்தில் இப்படித் தொடங்கியிருந்தார்: "கனம் ஐயா, அடியேன் மிக்க பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிப்பது யாதெனில்..."

அவளுக்குக் கை அப்படியே நின்றது. முழு நீளத் தாள். இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கை மடித்து வெறுமையாக விட்டிருந்தது. உத்தியோகத்தர் குறிப்பு எழுதுவதற்கு இடம் விட்டு மடிப்பது இலங்கை அரசாங்கக் கந்தோர்ப் பழக்கம். அயர்லாந்தில் அப்படி மடிக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் மடிக்கமாட்டார்கள் என்று அவள் எதையும் பந்தயம் கட்டுவாள்.

மற்றவற்றையும் உடைத்தாள். இருபத்தாறும் அதே மடிப்பு. ஷோன் மர்ஃபி என்ற கூலித் தொழிலாளி, தன் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் மேற்படி நிகழ்ச்சியையே முழுதும் நம்பி வாழ்வதாகவும், இந்த உபகாரத்துக்காக என்றென்றும் பிரார்த்திக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். இன்னொருவர் அடியில் 'பிரதி: மாண்புமிகு தபால் அமைச்சர்' என்று போட்டிருந்தார். கையெழுத்தை மாற்ற இடது கையால் எழுதியும், தேவராஜாவின் மருந்துச் சீட்டுக் கிறுக்கல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் விட விலாசம்தான் விசேஷம். பெட்டிசம் போட்ட நம்மவர் பதில் அட்டை வராமல் நித்திரை கொள்ளமாட்டார். ஆகவே உண்மையான விலாசம் வேண்டும். இருபத்தாறு ஐரிஷ்காரரும் ஸ்பிரிங்வேலில் சிறி இருக்கும் அதே விடுதியில், 14ஏ-யிலிருந்து 14இசட் வரை வரிசையாகக் குடியிருந்தார்கள்.

சந்திரவதனா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது, கதவைச் சாத்திவிட்டுத் தனியே சிரித்தாள். சிரித்து முடித்து ஆளுக்காள் பிரித்து வைத்தாள். சிறியினுடையது ஒன்பது, தேவராஜாவினுடையது ஒன்பது, தன் கணவருடையது எட்டு. அவருடையவை எட்டும் படத்துக்கு அடியில் எழுதும் குறிப்புப் போல இருந்தன: "நிகழ்ச்சி திருப்திகரம். தொடருமாறு சிபாரிசு செய்கிறேன்." ஒன்பதாவது எங்கே என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை இரவு மூன்று பேரும் பால்குடி மறவாத பிள்ளைகள் போல முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"இந்தக் கிழமை கடிதம் ஏதும் வந்ததோ அக்கா?" என்று சிறி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வந்தது."

"கனக்கவோ?"

"இன்னும் எண்ணி முடியேல்லை," என்றாள் சந்திரவதனா. அன்றைய நிகழ்ச்சியில் கில்பிரைட் கப்பல் சீட்டை அடகு வைத்தார். கதிர்காமநாதன் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். அவள் குசினியில் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரேயொரு கடிதம் வந்தது. மடிப்பு இல்லை. மாற்றி எழுதவும் முயலவில்லை. படம் வரைகிறவருடைய திருத்தமான எழுத்து. ஆங்கிலத்தில் எழுத்து இசட்டோடு முடிந்துபோனதாலோ என்னவோ, விலாசம் அவர்களுடைய சொந்த வீட்டு விலாசம். பெயர் மட்டும் மைக்கேல் டாயில்.

"ஐயா, நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். நல்ல நாடு. என் கந்தோரில் எல்லோரும் நல்லவர்கள், ஆனால் குழாயைப் பற்றித் தவிர வேறொன்றும் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பேசாமல் இருந்து இருந்து எனக்கு அது பழகிவிட்டது. வியாழக்கிழமை அரை மணித்தியாலம் நான் கூட்டாளிகளோடு இருந்து சிரிக்கிறேன். அந்த நேரம் என் மனைவி குசினியில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நான் அறியவில்லை என்று நினைக்கிறாள். அவள் பயந்துபோய் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, சிரித்தால் அவளுக்கு விளங்கும். ஆகையால் இந்த நிகழ்ச்சியை வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை."

சந்திரவதனா அதை மூன்று தரம் வாசித்தாள். வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து, இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

மத்தியானம் மிஸஸ் கோல்மன் வந்து கடிதக் கட்டைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள். உறைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அட, இவ்வளவா! எனக்கும் அந்தக் கில்பிரைட்டைப் பிடிக்கும், யாருக்கும் சொல்லிவிடாதே. மேலே ஒருவரும் கடிதம் வாசிப்பதில்லை சந்திரா, உன்னுடைய எண்ணிக்கைதான் அவர்களுக்கு. மூன்று மணிக்குள் கொடு."

எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம். எதிர்ப்பு முப்பத்தொன்று. மெய்யான ஆதரவு பதினாலு. விடுதி ஐரிஷ்காரரையும் டாயிலையும் சேர்த்தால் ஆதரவு நாற்பத்தொன்று, கில்பிரைட் பிழைத்துவிடுவார். வியாழக்கிழமை இருக்கும், அந்தச் சிரிப்பும் வீட்டில் இருக்கும். ஒரு எண்ணைத் தட்டினால் போதும், கேட்க ஆளில்லை. கள்ளம் என்று அவள் மட்டும்தான் அறிவாள்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்வதானால், அவள் நாற்பத்தொன்று என்றுதான் முதலில் தட்டினாள். தாளை உருவி எடுக்கும்போது நோரா கெஹோவின் நினைவு வந்தது. அந்தப் பையன் வீட்டில் சொல்லாமல் இருந்தது நினைவு வந்தது. தன் வீட்டிலும் ஒருவர் சொல்லாமல் இருந்தவர்தானே. நாளைக்கு நம்மவர் மூன்று பேரைக் கோமாளிகளாக்கி ஒருவன் நாடகம் போட்டால், கமலினியைப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், தான் எழுதப்போகும் ஒரு பெட்டிசத்தை எங்கிருந்தோ வந்த இருபத்தாறு கள்ளப் பெட்டிசம் அமுக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் செருகினாள். மூன்று மணிக்குத் தாள் மேலே போயிற்று. இருபத்தாறு நன்றி அட்டைகளையும் விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தாள். பெட்டிசம் போட்டவருக்குப் பதில் போடாமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதிர்காமநாதன் குசினி மேசையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ. அந்த ஐரிஷ்காரர் இருபத்தாறு பேரையும் நான் எண்ணேல்லை."

தெரியாதவர் போல அவர் நடிக்கவில்லை. "எப்ப பிடிச்சனீர்?" என்று கேட்டார்.

"முதல் கடிதத்தை உடைச்ச உடனை."

"அப்ப முடிஞ்சுதோ?"

"ஓம். திங்கட்கிழமை சொல்லுவினம். இன்னும் ரெண்டு வியாழன்தான் போகும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பார்த்தார். அந்தப் பழைய மௌனம் திரும்பவும் வந்து குந்துவதைச் சந்திரவதனா கண்ணால் கண்டாள். தானே அதற்குக் கதவைத் திறந்து விட்டதுபோல அவளுக்குப் பட்டது. எதையாவது கதைக்க வேண்டும் என்று வாயில் வந்ததைக் கதைத்தாள்.

"மனுசியும் ஐஞ்சு பிள்ளையளும் கில்பிரைட்டை நம்பித்தான் சீவிக்கினமாம். ஆர் அது?"

"சிறி."

"தபால் மந்திரிக்குப் பிரதி?"

"தேவராஜா. வேண்டாமெண்டு சொன்னனான், கேக்கேல்லை."

"பதினாலு கே-யில ஒரு கன்னியாஸ்திரி இருக்கிறாவாம். ஆம்பிளையளின்ர விடுதியில! அடுத்த அறையில மர்ஃபி!"

கதிர்காமநாதனின் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேப்பரில் முகத்தைப் புதைத்து, பிறகு நிமிர்ந்து, வீடு அதிரச் சிரித்தார். தொலைக்காட்சிப் பெட்டி அணைந்து கிடந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவளும் சிரித்தாள், கைப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தாறு பேரை எண்ணேல்லை எண்டு சொன்னனீர்."

"ஓம்."

"நாங்கள் இருபத்தேழு எழுதினனாங்கள்."

"தெரியும்," என்றாள் சந்திரவதனா. "மற்றது மெய்யான கடிதம். அதை எண்ணினனான். ஆதரவு பதினைஞ்சு எண்டுதான் மேல போயிருக்கு."

கதிர்காமநாதன் பக்கத்துக் கதிரையில் கிடந்த பேப்பர்க் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். "இதில கொஞ்சம் இரும்," என்றார். அவள் இருந்தாள். அந்தக் கந்தோரில் முதல்நாள் தன்னை எந்த மேசையில் இருத்தினார்கள் என்பதிலிருந்து அவர் சொல்லத் தொடங்கினார்.